சத்தம் போடாத வீடு

அந்த லைன்மேனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. மாதத்துக்கு ஒருமுறை சம்பளச் சீட்டில் தலைகாட்டிவிட்டுப் போவதோடு அதன் வேலை முடிந்தது. தெரு வைத்த பெயர்தான் நிலைத்தது: ‘சரியாயிடும்’.

போன் செத்துப்போயிருக்கும். இன்டர்நெட் குற்றுயிரும் குலையுயிருமாகக் கிடக்கும். காற்றில் சாய்ந்த கம்பம் யாருடைய மொட்டைமாடியிலாவது தலையை வைத்துப் படுத்திருக்கும். அவன் வருவான். அண்ணாந்து பார்ப்பான். காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, எதையும் எழுதாமல், அதே காதில் திரும்பச் செருகுவான். “சரியாயிடும்” என்பான். எப்போது என்று கேட்பவர் தெருவுக்குப் புதுசு என்று அர்த்தம்.

“சரியாயிடும் வர்றாரு, வண்டிக்கு வழி விடுங்கப்பா” என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். “ஏம்பா, என் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அதையும் கொஞ்சம் பாரேன்.”

“போன் போட்டா அடிக்குதா?”

“அடிக்குது. எடுக்க மாட்டேங்கறா.”

“அப்ப லைன் நல்லா இருக்கு. சரியாயிடும்.”

தான் பொய் சொல்வதாக அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. ஏனென்றால் பெரும்பாலும் சரியாகத்தான் போயிற்று. எப்படிச் சரியாயிற்று என்று யாரும் கேட்டதில்லை. நல்ல இன்டர்நெட் வந்த சந்தோஷத்தில் இருப்பவனுக்கு அந்த ஆராய்ச்சி எதற்கு?

வீட்டு இன்டர்நெட்டின் வேகம் எதைப் பொறுத்தது என்று கம்பெனியின் விளம்பரத்தைக் கேட்டால், நீங்கள் எடுக்கும் திட்டத்தைப் பொறுத்தது என்று சொல்லும். கம்பியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு வருபவை நூல் தடிமனில் இரண்டு செம்புக் கம்பிகள், ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு. லைன்மேன்கள் அதை ஜோடி என்பார்கள். ஜோடி நீள நீள, அதில் போகிற சமிக்ஞை தேய்ந்துகொண்டே போகும். நீளமான சந்தின் ஒரு முனையில் நின்று கத்தினால் மறுமுனைக்கு வார்த்தை போய்ச் சேராது, சத்தம் மட்டும் போய்ச் சேருமே, அந்தக் கதைதான். வீட்டிலிருக்கும் மோடம் “என்ன? என்ன?” என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கடைசியில் இரண்டு பக்கமும் சலித்துப்போய், சரி, மெதுவாகவே பேசிக்கொள்ளலாம் என்று ஒரு ஒப்பந்தத்துக்கு வரும். அந்த ஒப்பந்தத்துக்குத்தான் வேகம் என்று பெயர்.

இதில் தூரம் என்பது கண்ணுக்குத் தெரிகிற தூரம் இல்லை. கம்பி நடந்து வருகிற தூரம்.

லைன்மேனின் அக்கா வீட்டுக்கு வந்து பார்த்தால் இது விளங்கும். சந்தின் கடைசி வீடு. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சாக்கடைக் கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் எக்ஸ்சேஞ்ச். ஒருநாள் கொடியில் காய்ந்த மாமாவின் பனியன் காற்றில் பறந்து எக்ஸ்சேஞ்ச் வாசலில் போய் விழுந்தது. காவலாளி அதை ஒரு குச்சியின் நுனியில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றிவந்து கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவு கிட்டம். ஆனால் அந்தக் காலத்தில் கேபிள் புதைத்தபோது கால்வாயைத் தாண்ட ஒரே ஒரு பாலம்தான் இருந்தது, அதுவும் சந்தைக்கு அப்பால். எனவே அக்கா வீட்டுக் கம்பி எக்ஸ்சேஞ்சை விட்டுக் கிளம்பி, முதலில் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கும். சந்தையைக் கடக்கும். பாலம் ஏறி இறங்கும். மரவாடியைச் சுற்றி, சுடுகாட்டுச் சுவரோரமாக வந்து, தெருமுனைப் பெட்டிக்குள் நுழைந்து மூச்சு வாங்கி, அப்புறம் வீட்டுக்கு வரும். வந்து சேரும்போது அதற்குப் பேசத் தெம்பு இருக்காது.

“பனியனுக்குத் தெரிஞ்ச வழி உங்க கம்பெனிக்குத் தெரியலையே மாப்ளே” என்பார் மாமா. மாமா என்பவர் அக்காவின் கணவர். லாரி ஓட்டியவர். சரக்கு ஏற்றிய வண்டியின் மேலிருந்து தார்ப்பாய் கட்டும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. வாய் மட்டும் முழுசாகத் தப்பித்தது. கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாக எக்ஸ்சேஞ்சின் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும், மச்சினனின் கம்பெனியைத் திட்டுவதும் அவருக்கு மிச்சமிருந்த உத்தியோகம்.

குறுக்கு வழி ஒன்று இல்லாமல் இல்லை. தெருமுனையில் ஒரு வங்கி வருவதாக இருந்தபோது, அதற்காகக் கால்வாய்க்கு அடியில் குழாய் பதித்து ஒரு சின்னக் கேபிளை நேராக இழுத்துவிட்டார்கள். வங்கி வரவில்லை, கேபிள் வந்துவிட்டது. சும்மா கிடந்த ஜோடிகளை, அந்தச் சமயத்தில் இணைப்புக் கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். எலி கடித்தது, தண்ணீர் புகுந்தது எல்லாம் போக, விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் அதில் உயிருள்ள ஜோடிகள். சுற்றி வரும் பெரிய கேபிளும் குறுக்கே வரும் சின்னக் கேபிளும் தெருமுனைப் பெட்டியில் சந்திக்கும். எந்த வீட்டை எதில் மாட்டுவது என்பது பெட்டிச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் பாடு. லைன்மேன்கள் இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இந்த வீடு சுத்து. அந்த வீடு குறுக்கு. ஒரே தெருவில், ஒரே திட்டத்தில், எதிரெதிர் வீட்டில் ஒருவருக்கு இன்டர்நெட் பாய்வதும் இன்னொருவருக்குச் சொட்டுவதும் இதனால்தான்.

இன்னொரு நேர் கேபிள் இழுத்தால் என்ன என்று மேலே கேட்டால், கண்ணாடி இழை வரப்போகிறது, இனிச் செம்பில் செலவழிக்க மாட்டோம் என்றார்கள். கண்ணாடி இழை வரப்போகிறது என்று வைத்த பலகை வெயிலில் வெளுத்து, அதில் சிரித்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு இப்போது முகமே இல்லை.

ஆகவே புகார்களைத் தீர்க்க ஒரு வழிமுறை உருவாகியிருந்தது. எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத வழிமுறை. அதை அவன் கண்டுபிடிக்கவில்லை. அவன் வேலைக்குச் சேர்ந்தபோதே, கருவிப் பையோடு சேர்த்து அவன் தோளில் ஏறியது. சுற்றில் இருக்கும் ஒருவர் நெட் இழுக்கிறது என்று கத்தினால், அவரைக் குறுக்குக்கு மாற்ற வேண்டும். குறுக்கில் காலி ஏது? எனவே அங்கிருக்கும் யாரையாவது சுற்றுக்குத் தள்ள வேண்டும். யாரை? கத்தாதவரை. எக்ஸ்சேஞ்ச் கணினியில் ஒவ்வொரு எண்ணுக்கு எதிரிலும் இதுவரை எத்தனை புகார் என்று வரும். சுழியம் போட்ட எண்ணாகப் பார்த்து ஜோடியை மாற்றினால் கத்தியவர் வாயடைப்பார், சுழியக்காரர் வாய் திறக்க மாட்டார். புகார் தீர்ந்தது. கோளாறு தீரவில்லை, வீடு மாறிக் குடிபோயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கோளாறைக் கணக்கெடுக்கக் கம்பெனியில் ஆள் இல்லை. புகாரைக் கணக்கெடுக்கத்தான் ஆள் இருந்தார்கள்.

மாமா விழுந்த பிறகு அக்காதான் சம்பாதிக்க வேண்டியிருந்தது. அவரைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போக முடியாது. வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று கிடைத்தது. எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகள் அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பரீட்சை எழுதுவார்கள். அக்கா இங்கே உட்கார்ந்து அந்த முகங்களைத் திரையில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். யாராவது கண்ணை ஓரமாகத் திருப்பினாலோ, உதட்டை அசைத்தாலோ ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்.

“கல்யாணம் ஆனதுலேர்ந்து என்னை வச்சுப் பழகினவ” என்றார் மாமா. “இவளுக்குப் போயி ட்ரெயினிங் குடுத்தாங்களாம்.”

அந்த வேலையில் ஒரே ஒரு கண்டிப்பு. பரீட்சை நடக்கும்போது கண்காணிப்பவரின் இணைப்பு அறுந்தால், அந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் மறுபரீட்சை வைக்க வேண்டிவரும். அதனால் மூன்றாம் முறை அறுந்தால் வேலை போய்விடும். அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை அறுந்திருந்தது.

“இன்னொரு தடவை ஆச்சுன்னா அவ்வளவுதான்டா” என்று தம்பியிடம் சொன்னாள். “மாமாவை விட்டுட்டு நான் எங்க போயி வேலை தேடுவேன்?”

“கம்ப்ளெயின்ட் குடுத்தியாக்கா?”

“நானா?”

“நீதான்.”

“கம்ப்ளெயின்ட் குடுத்தா யார் பேர்ல ஏறும்?”

அந்தப் பகுதிப் புகார்கள் எல்லாம் அவன் பெயரில்தான் ஏறும்.

“கூடப் பொறந்தவனுக்கு நானே குழி வெட்டுவேனா? போடா. உன்கிட்ட சொன்னேன், அது போதாதா?”

போதும் என்றுதான் அவனும் நினைத்தான். அக்கா புகார் கொடுக்காதது அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து குறுக்கில் இருக்கும் எண்களைப் பார்த்தான். ஒரு எண்ணுக்கு எதிரில் சுழியம். ஒரு ஓய்வுபெற்ற நர்ஸம்மாவின் வீடு. தனி ஆள். இணைப்பு வாங்கிய நாளிலிருந்து ஒரு புகார் இல்லை. அவன் போய்ப் பெட்டியைத் திறந்தான், இரண்டு கம்பிகளைப் பிடுங்கினான், இரண்டு கம்பிகளைச் செருகினான். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. அக்கா வீட்டு மோடத்தில் விளக்குகள் அணைந்து, யோசித்து, திடமாக எரிந்தன.

“பனியன் வழி கெடச்சிருச்சா?” என்று மாமா கட்டிலிலிருந்து கேட்டார்.

“கெடச்சிருச்சு மாமா.”

திரையில் முகங்கள் கண்ணாடி போலத் தெரிந்தன. ஒரு பையனின் மூக்கு நுனியில் வியர்வை நிற்பதைக்கூட அக்கா பார்த்தாள். சந்தோஷத்தில் சிரித்தவள் திடீரென்று நிறுத்தினாள். “யார்கிட்டேர்ந்துடா எடுத்தே?”

“யார்கிட்டேர்ந்தும் இல்லக்கா. சும்மா கெடந்தது.”

மாதங்கள் ஓடின. அக்கா முகங்களைப் பார்த்தாள். வீடு நடந்தது. மாமாவின் முதுகுப் புண்ணுக்கு மருந்தும், புண் வராமல் இருக்கக் காற்று மெத்தையும் வந்தன. மெத்தை வந்த அன்று மாமா, “இனிமே நான் மிதக்கறவன், என்கிட்ட மரியாதையாப் பேசு மாப்ளே” என்றார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் லைன்மேன் ஒருநாள் விடுப்பு எடுத்தான். மாமாவைக் குளிப்பாட்ட ஒரு கை வேண்டியிருந்தது. குளிப்பாட்டித் துடைத்து, மெத்தையில் கிடத்தி, மத்தியானம் அங்கேயே சாப்பிட உட்கார்ந்தான். உள்ளறையில் அக்கா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பரீட்சையில் இருந்தாள். அவன் முதல் வாய் எடுத்து வைத்தபோது போன் அடித்தது. அவனோடு வேலை பார்க்கும் ‘ஏணி’. ஆள் உயரம் அப்படி. கம்பத்தில் ஏற அவனுக்கு மட்டும் ஏணி வேண்டாம் என்பார்கள்.

“என்னய்யா, லீவுல நிம்மதியா இருக்கியா?” என்றான் ஏணி. “இங்க வக்கீல் என்னை உரிச்சு உப்புத் தடவறாரு.”

வக்கீலைத் தெரியாத லைன்மேன் கிடையாது. அவருடைய புகார்களைப் படிக்கவே கணினி கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும்.

“அவர் குறுக்குதானேப்பா?”

“குறுக்குதான். மழையில அந்த ஜோடி செத்துப்போச்சு. சுத்துல மாட்டினேன். இதென்ன நெட்டா நத்தையான்னு கேட்டு மேனேஜருக்கே போன் போட்டுட்டாரு. நான் என்ன பண்ணட்டும்?”

லைன்மேனுக்குச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. வழக்கமான கேள்வி, வழக்கமான பதில். “புதுசா என்ன பண்ணப் போறே? கம்ப்ளெயின்ட் வராத நம்பரா பாத்து மாத்திவிடு. சரியாயிடும்.”

போனை வைத்துவிட்டுச் சாப்பிட்டான். மாமா ஜன்னலைப் பார்த்தபடியே, “யாருக்கு மாப்ளே சரியாகும்?” என்று கேட்டார். ஊர்வம்பு கேட்கிற குரல்தான். அவன் சிரித்து வைத்தான். கை கழுவினான். இன்னொரு தரம் மாமாவின் தலையணையைச் சரிசெய்தான். அப்போது உள்ளறையில் நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது.

“தம்பி.”

அக்கா கத்தவில்லை. அதனால்தான் அவன் ஓடினான்.

திரையில் எல்லா முகங்களும் நின்றுபோயிருந்தன. ஒரு பெண் பேனாவைக் கடித்தபடி நின்றிருந்தாள். ஒரு பையன் கண்ணை மூடியபடி நின்றிருந்தான். கொஞ்ச நேரத்தில் முகங்கள் போய் வெறும் சாம்பல் கட்டங்கள் ஆயின. மோடத்தில் விளக்குகள் அணைந்து, யோசித்துக்கொண்டிருந்தன.

அவன் போனைக் கையில் எடுக்கும்போதே தெரிந்துவிட்டது.

“எந்த நம்பர மாத்தினே?”

“நீ சொன்னதத்தான் மாத்தினேன். குறுக்குல சுழியம் ஒண்ணுதான்யா இருந்துது.”

“எந்த வீடு?”

“வீடெல்லாம் பெட்டியில தெரியுமா? நம்பர்தான். இரு பாக்கறேன். சந்துல கடைசி வீடு.”

“அது எங்க அக்கா வீடுடா!”

“அக்கா வீடுன்னா ஒரு கம்ப்ளெயின்ட் கூடவா இருக்காது?” என்றான் ஏணி. “இத்தனை நாள்ல ஒண்ணே ஒண்ணு குடுத்திருந்தாக்கூட நான் தொட்டிருக்க மாட்டேனேய்யா.”

லைன்மேன் மழையில் தெருமுனைக்கு ஓடினான். பெட்டி பூட்டியிருந்தது. விடுப்பு என்பதால் அவனுடைய சாவி எக்ஸ்சேஞ்சில், ஆணியில் தொங்கியது. ஏணி இன்னொரு சாவியோடு மரவாடிப் பக்கம் போய்விட்டிருந்தான். பாதி ஆயுளாகத் திறந்து மூடிய பெட்டியின் முன்னால், சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ள, அவன் கடன்காரன் வீட்டு வாசலில் நிற்பவன் மாதிரி நின்றான். ஏணி வந்து பெட்டியைத் திறந்தான். இரண்டு கம்பிகளைப் பிடுங்கி, இரண்டு கம்பிகளைச் செருகினார்கள். வக்கீல் மறுபடியும் சுற்றுக்குப் போனார். சாயங்காலத்துக்குள் அவருக்கு, அடுத்தபடியாகப் புகார் குறைந்த ஒரு எண் கிடைத்துவிட்டது. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

அவன் திரும்பி வந்தபோது அக்கா கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். இணைப்பு வந்திருந்தது. பரீட்சைக்குள் நுழைய விடவில்லை. அதற்குப் பதில் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. இத்தனை நாள் உழைத்ததற்கு நன்றி என்று ஆரம்பித்து, மூன்றாவது வரியில் விஷயத்துக்கு வந்தது. அக்கா அதை அவனுக்குத் திறந்து காட்டினாள். தொட்டதும் திறந்தது. கூடவே அனுப்பியிருந்த படிவமும் தொட்டதும் திறந்தது.

“எவ்வளவு வேகம் பாருடா” என்றாள்.

அவன் பென்சிலுக்காகக் காதைத் தடவினான். பென்சில் மழையில் எங்கோ விழுந்திருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவன் போனில் ஏணிக்குச் சொன்னதைக் கேட்டவர் அடுத்த அறையிலிருந்த மாமா ஒருவர்தான். அதை வைத்துக் கிண்டல் செய்ய அவருக்கு ஒரு வருடத்துக்குச் சரக்கு இருந்தது. அவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

ராத்திரிச் சோறு போடும்போது அக்கா கேட்டாள். “அன்னிக்குச் சும்மா கெடந்ததுன்னியே, அது யாரோடதுடா?”

சொன்னான்.

“எனக்கு இனிமே எதுக்கு அது? அவங்களுக்கே திருப்பிக் குடுத்துடு.”

நர்ஸம்மா வீட்டுக்கு அவன் இதற்குமுன் போனதே இல்லை. புகார் இல்லாத வீட்டுக்கு லைன்மேன் எதற்குப் போவான்? கூடத்தில் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன: மருந்து டப்பாக்கள் உயரவாரியாக, செருப்புகள் சுவரை ஒட்டி ஜோடியாக, மேஜைமேல் நிமிர்த்தி வைத்த ஒரு டேப்லெட், அதற்கு எதிரில் ஒற்றை நாற்காலி.

“நான் கூப்பிடலையேப்பா” என்றார் நர்ஸம்மா.

“தெரியும்மா. சும்மா செக் பண்ண வந்தேன். நெட்டு எப்படி இருக்கு?”

“எல்லாருக்கும் இருக்கற மாதிரிதான்.”

“நடுவுல கொஞ்ச நாளா இழுத்திருக்குமே?”

“இழுத்துது. இப்பல்லாம் எல்லாருக்கும் அப்படித்தான் போலன்னு நெனச்சேன்.” அவர் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டார். “பொண்ணு தூர தேசத்துல இருக்கா. வாரா வாரம் மூஞ்சியைப் பாத்துப் பேசுவா. அப்புறம் பேச ஆரம்பிச்சதும் அப்படியே நின்னுபோயிட ஆரம்பிச்சா. வாய் தொறந்தது தொறந்தபடி. நான் அம்மா பேசறேன், அம்மா பேசறேன்னு கத்துவேன். கட்டாயிடும். அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஆச்சு. அப்புறம் இல்ல. சலிச்சுப்போயிருக்கும். வேலைக்குப் போற பொண்ணு, என்கிட்ட என்னத்தைப் பேசுவா?”

“அம்மா, அது லைனும்மா. அவங்க இல்ல. லைன்தான்.”

“அப்படியா?” என்றார் நர்ஸம்மா. யோசித்தார். “அவளுக்கு அது தெரியாதே. அவளும் நான்தான் கட் பண்றேன்னு நெனச்சிருப்பாளோ?”

லைன்மேன் பெட்டிக்குப் போய் மாற்றிவிட்டு வந்தான். வேகம் வந்தது. நர்ஸம்மா மகளைக் கூப்பிட்டார். மணி அடித்தது, தெளிவாக, ஒரு கரகரப்பு இல்லாமல், அடித்து ஓய்ந்தது.

“தூங்கிட்டிருப்பா” என்றார்.

அவன் கிளம்பும்போது வாசலில் நின்று, ஆயுளில் எந்த லைன்மேனும் சொல்லியிராத ஒன்றைச் சொன்னான். “தினமும் ஒரு கம்ப்ளெயின்ட் குடுங்கம்மா.”

“இப்ப நல்லாத்தானே இருக்கு?”

“நல்லா இருக்கறதாலதான் சொல்றேன். குடுக்கலைன்னா எவனாவது பிடுங்கிருவான்.”

“எவன்?”

“எவனாவது” என்றான் அவன்.

நர்ஸம்மா சொன்ன சொல் தவறாதவர். டாக்டர் சொன்ன மருந்தை வேளை தப்பாமல் கொடுத்துப் பழகிய கை. மறுநாள் காலையிலிருந்து புகார் எண்ணைக் கூப்பிட ஆரம்பித்தார். பொய் சொல்ல வராது என்பதால், “லைன் நல்லா இருக்கும்மா, கம்ப்ளெயின்ட் எழுதிக்கோ” என்பார். புகார் வாங்குகிற பெண்ணுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் பழகிவிட்டது. சாப்பிட்டீங்களாம்மா என்று கேட்க ஆரம்பித்தாள். முட்டி வலிக்கு என்ன தடவலாம் என்று நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொண்டாள். மகள் திரும்பக் கூப்பிடவில்லை. நர்ஸம்மாவின் குரல் தெருவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது அந்த ஒரு புகாரில்தான்.

அத்தனை புகாரும் லைன்மேன் பெயரில் ஏறின. மேனேஜர் கூப்பிட்டு விட்டார்.

“உன் ஏரியாவுல ஒரே வீட்டுலேர்ந்து தினமும் வருதேய்யா. அங்க என்ன பிரச்சினை?”

“ஒரு பிரச்சினையும் இல்ல சார். அந்தத் தெருவுலயே அதுதான் நல்ல லைன்.”

மேனேஜர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வருடக் கடைசியில் அவனைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் என்ன எழுதுவது என்று அவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது போலிருந்தது. இந்தத் தடவை லைன்மேன் “சரியாயிடும்” என்று சொல்லவில்லை. மேனேஜர் அதற்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, போகச் சொன்னார்.

அக்காவுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சட்டைகளை மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்குகிற கம்பெனியில் வேலை கிடைத்தது. காலையில் மாமாவைத் துடைத்து, சாப்பாட்டையும் தண்ணீரையும் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்து, வாசல் கம்பிக் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவாள். தெருவில் திருட்டு பயம். உள்ளே இருப்பவருக்கு எழுந்து தாழ்ப்பாள் போட முடியாதே. தம்பிக்கு இன்னொரு சாவி செய்து தர வேண்டும் என்று அக்கா வாரா வாரம் நினைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் லைன்மேன் சந்துக்குள் ஒரு வேலையாக வந்தவன், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். கட்டிலில் காற்று மெத்தையும், தலையணைமேல் மாமாவின் போனும் மட்டும் இருந்தன. மாமா கீழே தரையில், ஒரு கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ள, பக்கவாட்டில் கிடந்தார். முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. கண் திறந்திருந்தது.

“மாமா!”

“வந்துட்டியா மாப்ளே. மிதந்துக்கிட்டே கரை ஒதுங்கிட்டேன்.”

“எப்ப விழுந்தீங்க?”

“உங்க அக்கா தெருமுனை திரும்பியிருப்பா.”

“காலையிலேர்ந்தா? சத்தம் போட்டிருக்கக் கூடாதா மாமா?”

“யார்கிட்ட?” என்றார் மாமா.

சந்தில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவன் கருவிப் பையைக் கொட்டி, குறடால் பூட்டின் வளையத்தைக் கடித்தான். செம்பு வெட்டுகிற குறடு. இரும்புப் பூட்டில் அதன் பல் நசுங்கியது. கதவை உலுக்கினான். அக்கா நல்ல பூட்டாகத்தான் வாங்கியிருந்தாள். ஜன்னல் கம்பிக்குள் தோள்வரை கையை விட்டான். மாமாவின் தலைமுடிக்கும் அவன் விரலுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது.

அக்காவுக்குப் போன் அடித்தான். வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அடித்து ஓய்ந்தது.

சாவி பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. சுடுகாட்டுச் சுவரோரம், மரவாடி, பாலம், சந்தை. அந்த வழியில் எங்கெங்கே வளைவு, எங்கெங்கே மூடி, எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும் என்று அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். ஜன்னலுக்கு நேர் எதிரில், கால்வாய்க்கு அந்தப் பக்கம், எக்ஸ்சேஞ்ச் கோபுரம் நின்றது.

“நான் போயி சாவி வாங்கிட்டு ஓடியாந்துடறேன் மாமா. இப்ப வந்துடறேன்.”

“பதறாம சுத்திட்டு வா மாப்ளே” என்றார் மாமா தரையிலிருந்து. “நான் ஒண்ணும் சத்தம் போட மாட்டேன்.”